மகனுக்கு ஆல்-ஸ்டார், மகளுக்கு ஸ்பிரிட் அவார்ட்: இவற்றை எப்படி எடுத்துக்கொள்வது?

தம்பி, டாலஸ் பக்கம் வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது என்று எழுதியிருந்தீர்கள். 10 வயது மகன் ஃபுட்பால் (நம்ம ஊர்க் கால்பந்து இல்லை, முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்க ஆட்டம்) ஆடுகிறான், 8 வயது மகள் முழக்கமும் சாகசமும் செய்து உற்சாகமூட்டும் சியர் (சியர்லீடிங்) குழுவில் இருக்கிறாள். சீசன் முடிவு விருந்தில் அவனை ஆல்-ஸ்டார் அணிக்கு, அதாவது சிறப்பாக ஆடியவர்களைத் தேர்ந்தெடுத்துச் சேர்க்கும் அணிக்கு அறிவித்தார்கள், அவளுக்கு உற்சாகத்தையும் நல்ல மனப்பான்மையையும் பாராட்டும் ஸ்பிரிட் அவார்ட் கொடுத்தார்கள். "இதெல்லாம் எல்லாருக்கும் சும்மா கொடுப்பதா? மகளைச் சியரில் தொடரவிடலாமா? ஊரில் அம்மாவும் அப்பாவும் கேட்கிறார்கள்" என்று கேட்டிருக்கிறீர்கள். என் பிள்ளைகள் இருவரும் பென்சில்வேனியாவில் இந்த மைதானங்களில்தான் வளர்ந்தார்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

சும்மா கொடுப்பதும் உண்டு. சின்ன வயதுப் பிரிவுகளில் சீசன் முழுக்க வந்த எல்லாருக்கும் ஒரு மெடலோ குட்டிக் கோப்பையோ கிடைக்கும். ஆல்-ஸ்டார் அந்த வகை இல்லை. லீக்குக்கு லீக் முறை மாறினாலும், பெரும்பாலும் பயிற்சியாளர்கள் உட்கார்ந்து பேசித்தான் பெயர்களை முடிவு செய்வார்கள். ஸ்பிரிட் அவார்டும் குழுவில் ஓரிருவருக்குத்தான். ஆக, இரண்டு பிள்ளைகளையும் யாரோ கவனித்துப் பார்த்திருக்கிறார்கள். அதில் சந்தேகம் வேண்டாம்.

ஆனால் "எதற்காக?" என்று நீங்கள் போய்க் கேட்க வேண்டும். நம்மைப் போல இந்த ஆட்டத்தைப் பார்க்காமல் வளர்ந்தவர்களுக்குக் கண் பந்தின் பின்னாலேயே ஓடும். பந்தை எதிரணியின் எல்லைக்குள் கொண்டுபோய் டச்டவுன் போட்ட பையன் தெரிவான், பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் தெரிவான். முன்வரிசையில் நிற்கும் ஆஃபென்சிவ் லைன் பிள்ளைகள் ஐந்து பேரும் தெரியவே மாட்டார்கள். எதிரணியை மறித்து மற்றவனுக்கு வழி திறந்துவிடுவதுதான் அவர்கள் வேலை. சீசன் முழுக்க ஓடிப் பந்து சுமக்காமலே போகிறவர்கள் அதில் உண்டு. என் மகன் அந்த வரிசையில்தான் ஆடினான். அவனுக்கு ஒரு விருது கொடுத்தபோது, அவன் மறித்த ஒரு குறிப்பிட்ட ஆட்டத்தைப் பயிற்சியாளர் மேடையில் விவரித்தார். அதற்குப் பிறகுதான் மகனின் ஆட்டத்தை எங்கே பார்க்க வேண்டும் என்றே எனக்குப் பிடிபட்டது.

சியரிலும் இதே கதைதான். தூக்கிப் பிடிக்கும்போது மேலே நிற்கும் பெண் ஃபிளையர்; கைதட்டல் அவளுக்கே போகும். கீழே தாங்குகிறவர்கள் பேஸ். பின்னால் நின்று, விழுந்தால் தலையும் கழுத்தும் அடிபடாமல் பிடிக்கக் காத்திருப்பவள் பேக் ஸ்பாட். நல்ல பயிற்சியாளர் கீழே நிற்கும் பிள்ளைகளையும் பெயர் சொல்லிப் பாராட்டுவார். உங்கள் மகள் எந்த இடத்தில் நிற்கிறாள் என்று முதலில் அவளிடமே கேளுங்கள், ஆசையாகச் சொல்வாள்.

ஊரில் கேட்பவர்களுக்குச் சொல்ல விஷயம் இருக்கிறது. 1898-இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஜானி கேம்பல் என்ற மாணவர் கூட்டத்துக்கு முன்னால் நின்று முழக்கம் எழுப்பியதிலிருந்து சியர்லீடிங்கின் வரலாற்றைத் தொடங்குவார்கள். ஆரம்பத்தில் ஆண்களே செய்தார்கள். 2021-இல் உலக சியர் அமைப்புக்கு சர்வதேச ஒலிம்பிக் குழு முழு அங்கீகாரம் கொடுத்தது. உடல் வலிமை, குட்டிக்கரணம், ஒருவரை ஒருவர் நம்பித் தாங்குவது எல்லாம் சேர்ந்த பயிற்சி இது. உடை பற்றிக் கவலை இருந்தால் குழுவிடம் பேசலாம். உள்ளே முழுக்கால் உடை போட அனுமதி கேட்கும் பெற்றோர் இருக்கிறார்கள். தொடரவிடுங்கள்.

படிப்புக்கும் பாராட்டு உண்டு, இதை நம்மவர்கள் பலர் விசாரிப்பதே இல்லை. பாப் வார்னர் என்ற பெரிய சிறுவர் லீக் 1929-இல் ஃபிலடெல்ஃபியாவில் தொடங்கியது. சிறுவர்கள் கல்லெறிந்து தொழிற்சாலை ஜன்னல்களை உடைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு ஒரு வேலை கொடுக்கலாம் என்று ஜோ டாம்லின் ஃபுட்பால் அணிகள் அமைத்தார். இன்று அதன் முழுப் பெயரிலேயே "லிட்டில் ஸ்காலர்ஸ்" இருக்கிறது. 5-ஆம் வகுப்பிலிருந்து, 96 விழுக்காடு சராசரி எடுக்கும் பிள்ளைகளைத் தேசிய அளவிலான கல்வி விருதுக்குப் பரிந்துரைக்கலாம். ஃபுட்பால் ஆடுகிறவரும் சியரில் இருப்பவரும் ஒரே தகுதியில் போட்டியிடுவார்கள். உங்கள் லீக் வேறாக இருந்தாலும் இப்படி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டு வையுங்கள்.

வீட்டில் ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: அவன் பரிசு பெரிது, அவள் பரிசு சின்னது என்று யாரையும் பேச விடாதீர்கள். இரண்டு படத்தையும் ஒன்றாகவே தாத்தா பாட்டிக்கு அனுப்புங்கள், எதற்காகக் கிடைத்தது என்று ஒரு வரியும் சேர்த்து. அப்புறம், பயிற்சியாளர்களில் பெரும்பாலோர் சம்பளமில்லாமல் வருகிறவர்கள். பிள்ளைகள் கையாலேயே ஒரு நன்றிக் கடிதம் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

மகன் ஆடுவது டேக்கிளா (எதிராளியைப் பிடித்துக் கீழே வீழ்த்துவது) ஃபிளாக்கா (வீழ்த்தாமல், இடுப்பில் தொங்கும் துணிப்பட்டையை உருவுவது) என்று நீங்கள் எழுதவில்லை. டேக்கிளில் 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்குத் தலையில் படும் மோதல்கள், ஃபிளாக்கைவிட 15 மடங்கு என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் ஆய்வு சொல்கிறது. ஆல்-ஸ்டார் அணி என்றதும் கூடுதல் ஆட்டங்கள் வரும். ஒப்புக்கொள்வதற்கு முன் எதை ஆடுகிறான், இன்னும் எத்தனை ஆட்டம் என்று கேளுங்கள். டேக்கிள் என்றால் இங்கேயே எழுதுங்கள், ஹெல்மெட் பற்றியும் தலையில் அடிபட்டால் பார்க்க வேண்டிய அறிகுறிகள் பற்றியும் தனியாகச் சொல்கிறேன்.