கழுவிய பிறகு எக்ஸ்கவேட்டர் சூடேறினால்

பிரஷர் வாஷர் போட்டுக் கழுவிய மறுநாளிலிருந்து வண்டி சூடேறுகிறது என்கிறீர்கள். கூலன்ட் அளவும் ஃபேன் பெல்ட்டும் சரியென்றால், பெரும்பாலும் ரேடியேட்டர்தான் அடைத்திருக்கும். உலர்ந்த தூசியில் தண்ணீர் பட்டதும் சேறாகி இடுக்குகளில் இறுகிவிடும். அந்த அழுத்தத்தில் பீய்ச்சினால் ஃபின்களும் (ரேடியேட்டரின் மெல்லிய உலோகத் தகடுகள்) மடங்கும்.

எஞ்சின் ஆறட்டும். ரேடியேட்டருக்கும் ஆயில் கூலருக்கும் நடுவே டார்ச் அடித்துப் பாருங்கள், அழுக்கு பெரும்பாலும் அங்கேதான் தங்கும். பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து, ஃபேன் காற்று ஓடும் திசைக்கு எதிர்த்திசையில் 30 பிஎஸ்ஐ-க்கு மிகாமல் காற்றடியுங்கள். மிச்சத்துக்குச் சோப்புத் தண்ணீர் ஊற்றி 15 நிமிடம் ஊறவிட்டு, சாதாரண ஹோஸால் மறுபக்கம் தெளிந்த நீர் வரும்வரை அலசுங்கள். தண்ணீர் ஊற்றும் முன் ஆல்டர்னேட்டரை (பேட்டரியை சார்ஜ் செய்யும் கருவி) நனையாதபடி மூடிவிடுங்கள். மடங்கிய ஃபின்களை ஃபின் சீப்பால் பொறுமையாக நிமிர்த்துங்கள். ஸ்க்ரூடிரைவர் வேண்டாம், ரேடியேட்டர் குழாய் ஓட்டையாகிவிடலாம்.

அடுத்த முறை காற்று முதலில், தண்ணீர் பிறகு.