பத்தாவது இங்கிலீஷ் பரீட்சை: கேளுங்க, டீச்சர் பதில் சொல்றேன்

இந்த தடவ வந்த கேள்வி பூரா பத்தாவது பொதுத்தேர்வு இங்கிலீஷ் பேப்பர் பத்தித்தான். 31 வருஷம் அரசுப் பள்ளியில அதே பாடத்தை எடுத்தவ நான், அதனால ஒவ்வொரு கடிதத்தையும் ரெண்டு தடவ படிச்சுட்டுத்தான் எழுதுறேன்.

கேள்வி: என் பையன் தமிழ் மீடியம், பத்தாவது. கணக்கு, சயின்ஸ்ல 70, 75 வாங்குறான், இங்கிலீஷ் மட்டும் அரையாண்டுல 27. ராத்திரி 11 மணி வரைக்கும் கைடை வச்சுக்கிட்டு மனப்பாடம் பண்றான், காலைல கேட்டா பாதி மறந்து போயிருது. இன்னும் ரெண்டரை மாசம்தான் இருக்கு. பாஸாவானா டீச்சர்?
– ஒரு அம்மா, ராஜபாளையம்

பாஸாவாம்மா. ஆனா அந்த கைடை கொஞ்ச நாளைக்கு எடுத்து பரண்ல போடுங்க. கணக்குல 70 எடுக்கிற புள்ளைக்கு மூளையில ஒரு கோளாறும் இல்ல, படிக்கிற விதம்தான் தப்பா இருக்கு. இன்னைக்கு ராத்திரி ஒண்ணு செய்ங்க, இங்கிலீஷ் புக்ல ஏதாவது ஒரு பக்கத்தை எடுத்து ரெண்டு வரி சத்தமா வாசிக்கச் சொல்லுங்க. அவன் தட்டுத் தடுமாறினான்னா, இத்தன நாளா அவன் படிச்சது இங்கிலீஷ் இல்ல, எழுத்துங்களோட வரிசையை ஒரு படம் மாதிரி மனசுல ஒட்ட வச்சிருக்கான்னு அர்த்தம். அதுல நடுவுல ஒரு வார்த்தை கழண்டுச்சுன்னா மொத்தமும் சரிஞ்சுரும்.

என் கிளாஸ்ல ஒரு பையன் இருந்தான். பறக்கப் பயந்துக்கிட்டு பாறை விளிம்புலயே உக்காந்திருக்கிற கடல்பறவைக் குஞ்சு கதை பாடமா இருக்குல்ல, அந்த பேராவை கைடுல இருந்து அப்படியே உருப்போட்டு வந்திருந்தான். ரிவிஷன் டெஸ்ட்ல அதே கேள்விதான் வந்துச்சு. முதல் வரி எழுதினான், ரெண்டாவது வரியில பாறை விளிம்பைச் சொல்ற 'லெட்ஜ்'ங்கிற வார்த்தை வரணும், அது மறந்து போச்சு. அவ்வளவுதான், பேனாவை மூடி கையில வச்சுக்கிட்டு பெல் அடிக்கிற வரைக்கும் அப்படியே உக்காந்திருந்தான். மறுநாள் கூப்பிட்டு, "தம்பி, இங்கிலீஷை விடு, அந்த குஞ்சுக்கு என்னாச்சுன்னு தமிழ்ல சொல்லு"ன்னேன். என்ன அழகா சொன்னான் தெரியுமா, அது பசியில கெடந்ததையும் அம்மா மீன் துண்டை அலகுல வச்சுக்கிட்டு கிட்ட வந்து காட்டுனதையும் பசி தாங்காம அது பாய்ஞ்சதையும் ஒண்ணு விடாம சொன்னான். "இதையே சின்னச் சின்னதா அஞ்சு வரி இங்கிலீஷ்ல சொல்லு பாப்போம்"னேன். தி பேர்ட் வாஸ் அஃப்ரெய்ட். இட் வாஸ் ஹங்ரி. தி மதர் ஹாட் எ ஃபிஷ். இட் ஜம்ப்ட். இட் ஃப்ளூ. முடிஞ்சுது கதை! இந்த அஞ்சு வரிக்கு முழு மார்க் வராதுதான், ஆனா வெத்துப் பேப்பருக்கு ஒண்ணுமே வராதே. அதுவும் இந்த அஞ்சு வரி அவனோட சொந்த வரி, பரீட்சை ஹால்ல எந்தப் பயத்துலயும் அவனை விட்டுப் போகாது.

இப்போ கணக்கைப் பாருங்க. பேப்பர் 100 மார்க், பாஸுக்கு 35. இப்ப இருக்கிற பேட்டர்ன்ல பின்னாடி வர்ற 8 மார்க் பேசேஜ் கேள்வி இருக்கு பாருங்க, அதுக்கு விடை அந்த பத்திக்குள்ளயேதான் இருக்கு. கேள்வியில இருக்கிற முக்கியமான வார்த்தை பத்தியில எங்க வருதுன்னு விரல் வச்சு தேடினா, விடை அந்த வரியிலயோ அடுத்த வரியிலயோ இருக்கும். துணைப்பாடக் கதையில வரிகளை மாத்திப் போட்டிருப்பாங்க, அதை சரியா அடுக்கினா 5 மார்க், கதை தெரிஞ்சா போதும். படம் பாத்து எழுதுறது 5, விளம்பரம் 5, லெட்டர் 5, மேப்பைப் பாத்து வழி சொல்ற ரோடு மேப் 2. இதை எல்லாம் கூட்டினா 30. ஒன் வேர்டுங்கிற 1 மார்க் கேள்வி 14ல பாதி சரியா வந்தா 7, மெமரி போயம் 5. ஆக 42. இதுல மனப்பாடம் பண்ண வேண்டியதுன்னா முக்கியமா அந்த போயம் மட்டும்தான். எல்லாத்துலயும் முழு மார்க் வராதுன்னு வச்சாலும், பேரா ரெண்டு மூணு சொந்த வரியில எழுதிட்டான்னா 35ஐ தாண்டிருவான்.

தினமும் காலைல அரைமணி நேரம் சத்தம் போட்டு வாசிக்கணும். சாயங்காலம் அஞ்சே அஞ்சு வரி சொந்தமா எழுதணும், இன்னைக்கு என்ன சாப்பிட்டான், பஸ் ஏன் லேட்டு, எது வேணா எழுதட்டும். தப்பா இருந்தாலும் பரவாயில்ல, ஸ்கூல் டீச்சர்கிட்ட காட்டி திருத்திக்கச் சொல்லுங்க. ராத்திரி 10 மணிக்கு தூங்க விடுங்கம்மா.

கேள்வி: நான் விசைத்தறி ஓட்டுறேன். அஞ்சாவதோட நின்னவன், இங்கிலீஷ்ல கையெழுத்து போடக்கூட தெரியாது. பொண்ணு பத்தாவது படிக்குது, டியூசனுக்கு அனுப்ப வசதி இல்ல. வீட்டுல நான் ஏதாவது உதவி பண்ண முடியுங்களா?
– ஒரு அப்பா, குமாரபாளையம்

ஐயா, உங்க கடிதத்தை படிச்சுட்டு கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்துட்டேன். நிறைய பண்ண முடியும்ங்க.

மெமரி போயம் எழுதிப் பாக்கும்போது நோட்டையும் புக்கையும் பக்கத்துல பக்கத்துல வச்சுக்கங்க. உங்களுக்கு வாசிக்கத் தெரிய வேண்டாம், ஒவ்வொரு எழுத்தா விரல் வச்சு இதுவும் அதுவும் ஒண்ணா இருக்கான்னு மட்டும் பாருங்க. அந்த வால் வச்ச புள்ளி, கொக்கி மாதிரி குறி, வரி ஆரம்பத்துல பெரிய எழுத்து, எல்லாம் சேத்துப் பாருங்க. நூல் அறுந்தா ஓடுற தறியிலயே கண்டுபிடிக்கிற கண்ணுங்க உங்களுக்கு, பொண்ணு கண்ணுக்குத் தப்புறது உங்க கண்ணுல மாட்டும்.

அப்புறம் அது பாடம் படிச்சதும் கதையை உங்களுக்கு தமிழ்ல சொல்லச் சொல்லுங்க. ஆறு நேவி பெண் அதிகாரிங்க தாரிணிங்கிற பாய்மரக் கப்பல்ல உலகத்தையே சுத்தி வந்தாங்கன்னு ஒரு பாடம் இருக்கு, 2017 செப்டம்பர்ல கோவாவுல கிளம்பி 2018 மே மாசம் திரும்பி வந்தாங்க. "எதுக்கும்மா போனாங்க, கடல்ல என்ன கஷ்டப்பட்டாங்க, சாப்பாட்டுக்கு என்ன பண்ணாங்க"ன்னு கேளுங்க. உங்களுக்கு புரியற மாதிரி சொல்றதுக்கு அது முதல்ல தானே புரிஞ்சுக்கணும் இல்லையா, அங்கதான் படிப்பு நடக்குது. பேரா கேள்வியில கேக்குறதும் இதே ஏன், எப்படி தான்.

வீட்டுல வர்ற சோப்பு கவர், மாத்திரை அட்டை, பிஸ்கட் பாக்கெட்டு எல்லாத்துலயும் இங்கிலீஷ் இருக்கு. கிழிச்சுப் போடுறதுக்கு முன்னாடி "இதுல என்னம்மா போட்டிருக்கு"ன்னு கேளுங்க. 'ஸ்டோர் இன் எ கூல் அண்ட் டிரை பிளேஸ்'னா என்னன்னு அது உங்களுக்குச் சொல்லட்டும். ஒண்ணே ஒண்ணு மட்டும் வேண்டாங்க, "எனக்கே வரல, உனக்கு எங்க வரப்போவுது"ன்னு கோவத்துல கூட சொல்லிராதீங்க. அந்த ஒரு வார்த்தையால பேனாவை கீழ வச்ச புள்ளைங்களை நான் பாத்திருக்கேன்.

கேள்வி: எப்பவும் 88, 90 தான் வருது டீச்சர். எல்லாம் எழுதறேன், ஆனா 95ஐ தாண்ட முடியல. எங்க மார்க் போகுதுன்னே தெரியல.
– பத்தாம் வகுப்பு மாணவி, தஞ்சாவூர்

பாப்பா, உன் பழைய டெஸ்ட் பேப்பர் எல்லாத்தையும் தரையில பரப்பி வச்சு, சிவப்பு மை பட்ட இடத்தை மட்டும் ஒரு நோட்டுல எழுது. உனக்கே தெரிஞ்சுரும். என் அனுபவத்துல 90 வாங்குற புள்ளைங்களுக்கு மார்க் போறது கிராமர்லயும் தப்பைத் திருத்துற கேள்வியிலயும்தான். 'ஒன் ஆஃப் தி' வந்தா அடுத்து வர்ற பெயர் பன்மை, 'ஒன் ஆஃப் தி பாய்ஸ்'. 'சீனியர்' வந்தா பின்னாடி 'தேன்' (than) வராது, 'டு' வரும். 'தோ'ன்னு (though) ஆரம்பிச்சா நடுவுல 'பட்' கூடாது, நாம தமிழ்ல "இருந்தாலும்"னு சொல்லிட்டு "ஆனா"வும் போடுற பழக்கத்துல அங்கயும் போட்டுடுறோம்.

'எ' போடவா 'ஆன்' போடவான்னு குழப்பம் வந்தா ஒரு வழி சொல்றேன், நான் வருஷா வருஷம் போர்டுல எழுதிப் போடுறது. அந்த வார்த்தையை தமிழ்ல எழுதிப் பாரு. முதல் எழுத்து உயிரெழுத்தா இருந்தா 'ஆன்', உயிர்மெய்யா இருந்தா 'எ'. எம்.எல்.ஏ – 'எ'ன்னு உயிரெழுத்து, அதனால ஆன் எம்.எல்.ஏ. யுனிவர்சிட்டி – 'யு' உயிர்மெய், அதனால எ யுனிவர்சிட்டி. மணியைச் சொல்ற 'அவர்', 'அ'வுல தொடங்குது, அதனால ஆன் அவர், ஸ்பெல்லிங்ல எச் இருக்கேன்னு ஏமாந்துராத. ஒண்ணாம் நம்பரைச் சொல்ற 'ஒன்' மட்டும் ஜாக்கிரதை, எழுதுறது 'ஒ' போட்டுன்னாலும் வாயில வர்றது 'வன்', அதனால அதுக்கு 'எ' தான்.

லெட்டர்ல உன் சொந்தப் பேரு, ஸ்கூல் பேரு எழுதிராத, எக்ஸ் எக்ஸ் எக்ஸ், ஒய் ஒய் ஒய்னுதான் போடணும்.

கேள்வி: ரோடு மேப்ல லெஃப்ட், ரைட் எப்பவும் மாத்தி எழுதிடுறேன். என்ன பண்றது?
– ஒரு மாணவன், திண்டிவனம்

தம்பி, கேள்வித்தாளைத் திருப்பு! நிஜமாவே கையால திருப்பு. பேனா நுனியை நீ நிக்கிற இடத்துல வை, அதுதான் நீ. நடக்கிற திசை எப்பவும் மேல் பக்கமா இருக்கிற மாதிரி தாளை சுத்திக்கிட்டே போ. படத்துல மேல இருந்து கீழ இறங்கி வரும்போது தாள்ல வலது பக்கம் தெரியறது நடக்கிறவனுக்கு இடது பக்கம், அங்கதான் எல்லாரும் மாட்டுறாங்க. 28வது கேள்வி, கட்டாயம் எழுதணும், சாய்ஸ் கிடையாது. 'கோ ஸ்ட்ரெய்ட்', 'டர்ன் லெஃப்ட்', 'இட் இஸ் ஆன் யுவர் ரைட்' இந்த மூணும் கைல இருந்தா 2 மார்க்.

கேள்வி: டைம் பத்தல, கடைசி 8 மார்க் கேள்வி ரெண்டும் ஓட்டமா எழுதிடுறேன்.
– மாணவி, அறந்தாங்கி

10 மணிக்கு கேள்வித்தாள் குடுத்து 10 நிமிஷம் வாசிக்க, 5 நிமிஷம் விவரம் பூர்த்தி பண்ண, 10.15ல இருந்து 1.15 வரைக்கும் எழுத. அந்த 10 நிமிஷத்துல ஒன் வேர்டு பக்கமே போகாதம்மா, நேரா கடைசிக்குப் போய் பேசேஜைப் படி. பேனா தொடறதுக்கு முன்னாடியே பாதி விடை கண்ணுல பட்டுரும். எழுத ஆரம்பிச்சதும் அந்த ரெண்டு 8 மார்க்கையும் 12 மணிக்குள்ள முடிச்சுட்டு பேராவுக்கு வா. எந்த பார்ட் வேணா முதல்ல எழுதலாம், கேள்வி நம்பர் மட்டும் சரியா போடணும்.

கேள்வி: மகனுக்கு டிஸ்லெக்சியா, அதாவது எழுத்தை வாசிக்கிறதுலயும் எழுதுறதுலயும் சிரமம்னு டாக்டர் சொல்லியிருக்காங்க. அவனும் எல்லார் மாதிரியே எழுதணுமா?
– ஒரு பெற்றோர், கோவை

இல்லைங்க. தேர்வுத்துறையில இதுக்கு சலுகை இருக்கு: சொல்றதை எழுத ஒரு ஆள், கூடுதலா 1 மணி நேரம், ஒரு மொழிப்பாடத்துல விலக்கு. மருத்துவச் சான்றோட ஹெட்மாஸ்டர் மூலமா பரீட்சைக்கு ரொம்ப முன்னாடியே விண்ணப்பிக்கணும். நாளைக்கே போய்ப் பாருங்க, கூச்சப்பட இதுல ஒண்ணுமே இல்ல.

கேள்வி: 2018ல பத்தாவது எழுதினேன், இங்கிலீஷ் மட்டும் போச்சு. அப்புறம் கல்யாணம், குழந்தைன்னு ஓடிருச்சு. இப்போ ஒரு வேலைக்கு பத்தாவது பாஸ் கேக்குறாங்க. பழைய கைடு இருக்கு, அதை வச்சே படிக்கலாமா?
– ஒரு வாசகி, பரமக்குடி

தங்கச்சி, அந்த கைடு இனி உதவாது. நீ எழுதும்போது இங்கிலீஷ் முதல் தாள், ரெண்டாம் தாள்னு ரெண்டு பேப்பர், ஞாபகம் இருக்கா? 2019-20 கல்வியாண்டுல அதை ஒரே பேப்பரா ஆக்கிட்டாங்க, பாடப்புத்தகமும் அந்த வருஷமே புதுசாயிருச்சு. இது உனக்கு நல்லதுதான், ஒரே நாள்ல ஒரே பேப்பரோட முடிஞ்சுரும். பாஸான மத்த பாடத்தை திரும்ப எழுத வேண்டாம். பக்கத்துல இருக்கிற அரசுத் தேர்வுத்துறை சேவை மையத்துக்கு பழைய மார்க் ஷீட்டை எடுத்துட்டுப் போ, தனித்தேர்வரா பதிவு பண்ணிக்கலாம். மார்ச்சுக்கு முடியலன்னா ரிசல்ட்டுக்கு அப்புறம் வர்ற துணைத்தேர்வு இருக்கு.

புது புத்தகத்தை தெருவுல பத்தாவது முடிச்ச புள்ளைங்க யார்கிட்டயாவது கேட்டு வாங்கு. குழந்தை தூங்குற நேரம் ஒரு மணி நேரம் கிடைச்சா போதும், முதல்ல துணைப்பாடக் கதை ஏழையும் கதையாவே படி, அப்புறம் லெட்டர், விளம்பரம், படம். ராஜபாளையம் அம்மாவுக்கு சொன்ன அந்த அஞ்சு வரி உனக்கும்தான். குழந்தை இன்னைக்கு என்ன பண்ணுச்சுன்னு அஞ்சு வரி எழுதி இந்த பத்திரிகை முகவரிக்கே எனக்கு அனுப்பு, திருத்தி தபால்ல திருப்பி அனுப்புறேன். வாரம் ஒரு தடவ அனுப்பினா போதும், பின்கோடு மறக்காம எழுது.