அழைப்பாணையை வாங்க மறுத்தால் வழக்கு நின்றுவிடுமா?

கேள்வி: நான் ஒப்படைத்த வேலையை அரைகுறையாகச் செய்தவருக்குப் பேசிய தொகையில் பாதியை நிறுத்தி வைத்தேன். அவர் சிறுவழக்கு நீதிமன்றத்தில் என் மீது வழக்குத் தொடர்ந்துவிட்டார். அழைப்பாணையைக் கொண்டுவந்தவரிடம் கையெழுத்துப் போட மறுத்துத் திருப்பி அனுப்பிவிட்டேன். கையில் வாங்காதவரை வழக்கு என்னைக் கட்டுப்படுத்தாது என்கிறார்கள் நண்பர்கள். சரிதானா?

பதில்: சரியல்ல. உங்கள் நண்பர்கள் சொல்வதை நம்பி எத்தனையோ பேர், வெல்லக்கூடிய வழக்கைக்கூட வாய் திறக்காமலே இழந்திருக்கிறார்கள். அழைப்பாணை சார்வாகிவிட்டதா (முறைப்படி உங்களிடம் சேர்ந்ததாகக் கொள்ளப்படுமா) என்பதை உங்கள் கையெழுத்து மட்டும் தீர்மானிப்பதில்லை. இந்தியாவின் 1908-ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 5-ஆம் கட்டளை, 17-ஆம் விதிப்படி, பிரதிவாதி வாங்க மறுத்தால், அழைப்பாணையைக் கொண்டுவரும் நீதிமன்ற ஊழியரான அமீனா அதன் நகலை வீட்டின் வெளிக்கதவில் ஒட்டிவிட்டு, எந்தச் சூழ்நிலையில் ஒட்டினார், வீட்டை அடையாளம் காட்டியவர் யார் என்பதை எழுதி நீதிமன்றத்துக்கு அறிக்கை தருவார். நீதிபதி நிறைவடைந்தால் அது முறையான சார்வே. கலிபோர்னியாவில் நீங்கள் கை நீட்டாவிட்டாலும், தாள்களை உங்கள் எதிரிலேயே வைத்துவிட்டுப் போனால் போதும். இங்கிலாந்தில் பெரும்பாலும் நீதிமன்றமே அஞ்சலில் அனுப்பிவிடுவதால் மறுக்கும் பேச்சுக்கே இடமில்லை.

ஆகவே உடனே நீதிமன்ற அலுவலகத்துக்குச் சென்று வழக்கு எண்ணைச் சொல்லி, வழக்குரையின் நகலையும் அடுத்த வாய்தா தேதியையும் கேட்டு வாங்குங்கள். பதில் தரும் கெடு இடத்துக்கு இடம் மாறும். இந்தியாவில் எதிர்வழக்குரையை, அதாவது எழுத்துப்பூர்வ பதிலை, சார்வான நாளிலிருந்து 30 நாட்களுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். காரணம் காட்டினால் நீதிமன்றம் 90 நாட்கள் வரை நீட்டித்துத் தரலாம். கனடாவின் ஒன்டாரியோவில் 20 நாட்கள். இங்கிலாந்தில் 14 நாட்கள். வழக்குத் தாள் கிடைத்ததை ஒப்புக்கொண்டு படிவம் அனுப்பினால் 28. கலிபோர்னியாவின் சிறுவழக்கு நீதிமன்றத்தில் எழுத்துப்பூர்வ பதிலே தேவையில்லை என்றாலும், விசாரணை நாளில் சான்றுகளுடன் நேரில் நிற்க வேண்டும்.

பதிலில் 'எல்லாம் பொய்' என்று ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள். குறிப்பிட்டு மறுக்கப்படாத கூற்றை ஒப்புக்கொண்டதாகவே நீதிமன்றம் கொள்ளக்கூடும். 'நான்காம் பத்தியில் வேலை முழுமையாக முடிந்ததாகக் கூறப்பட்டிருப்பது உண்மையல்ல. இரண்டு அறைகள் தொடப்படவே இல்லை. அவற்றின் புகைப்படங்களை இணைத்துள்ளேன்' என்பதுபோலப் பத்தி வாரியாக எழுதுங்கள். செய்த வேலைக்குரிய ஒரு பகுதி தொகையைத் தர வேண்டியிருந்தால் அதை மட்டும் ஒப்புக்கொண்டு மீதியை எதிர்ப்பதே நல்லது. நியாயமாக நடப்பவர் என்ற எண்ணம் நீதிபதிக்கு ஏற்படுவதில் உங்களுக்கு இழப்பேதும் இல்லை. வழக்குப் போட்டவரால் உங்களுக்கு நட்டம் நேர்ந்திருந்தால் எதிர்க்கோரிக்கையையும் அப்போதே வையுங்கள்.

நீங்கள் வராததால் ஒருதலைப்பட்சத் தீர்ப்பு ஏற்கெனவே வந்திருந்தாலும் அதை நீக்கக் கோரலாம். இந்தியாவில் அதற்கான கெடு தீர்ப்பாணை நாளிலிருந்து 30 நாட்கள். அழைப்பாணை முறையாகச் சார்வாகாதவருக்குத் தீர்ப்பை அறிந்த நாளிலிருந்து 30 நாட்கள். வாங்க மறுத்துத் திருப்பி அனுப்பியவர் இந்தச் சலுகையைக் கேட்பது எளிதல்ல. அதோடு, 1887-ஆம் ஆண்டின் மாகாணச் சிறுவழக்கு நீதிமன்றங்கள் சட்டத்தின் கீழ் வரும் வழக்கானால், நீக்கக் கோரும்போதே தீர்ப்புத் தொகையைக் கட்ட வேண்டும் அல்லது அதற்குப் பிணையம் தர வேண்டும்.

கேள்வி: கைமாற்று வாங்கியவர் திருப்பித் தராததால் வழக்குப் போட்டிருக்கிறேன். அழைப்பாணையை நானே அவரிடம் கொடுத்துவிடலாமா?

பதில்: பல இடங்களில் கூடாது. கலிபோர்னியாவில் வழக்கில் சம்பந்தமில்லாத, 18 வயது நிரம்பிய ஒருவர்தான் கொடுக்க வேண்டும். இந்தியாவில் வழக்கமான சார்வுக்குக் கூடுதலாக, மனுச் செய்து அனுமதி பெற்றால் வாதியே கொடுக்கலாம். அதற்காகப் பேட்டா (அழைப்பாணையை அனுப்ப நீதிமன்றத்தில் கட்டும் கட்டணம்) கட்டாமல் இருந்துவிடாதீர்கள். அதைக் கட்டாததால் அழைப்பாணை போகவில்லை என்றால் வழக்கே தள்ளுபடியாகலாம். கொடுத்தவர் யாராக இருந்தாலும், எந்த நாளில், எந்த முகவரியில், யாரிடம் கொடுத்தார் என்பதை எழுதிக் கையெழுத்திட்ட சார்வு அறிக்கை விசாரணைக்கு முன்பே கோப்பில் சேர்ந்துவிட்டதா என்று நீங்களே போய்ப் பாருங்கள். அது இல்லாமல் பிரதிவாதியும் வராவிட்டால், நீதிபதி பெரும்பாலும் வழக்கை இன்னொரு வாய்தாவுக்குத் தள்ளிவைப்பார்.