கூட்டுப் படைப்பு நாடகம் என்றால் என்ன? அதில் இயக்குநருக்கு என்ன வேலை?

எழுதி முடித்த பிரதி இல்லாமல், நடிகர்களே ஒத்திகையில் காட்சிகளைக் கண்டுபிடித்து நாடகத்தை உருவாக்குவதுதான் கூட்டுப் படைப்பு. 1964இல் பிரெஞ்சு இயக்குநர் அரியான் ம்னூஷ்கினும் நண்பர்களும் பாரிஸில் தொடங்கிய குழு இதற்குப் பேர்போனது.

கொழும்பு வெள்ளவத்தையில் ஓர் ஒத்திகை என்று வையுங்கள். ‘100ஆம் இலக்க பஸ், ஒரே சீற், இரண்டு பேர்’. இயக்குநர் தருவது அவ்வளவுதான். தினமும் அந்த பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வேலைக்குப் போகிற நடிகைக்கு, மிச்சக் காசுக்கு நீட்டிய கையை மடக்காமலே சண்டை பிடிக்கத் தெரியும். மேசையில் இருந்து எழுதுபவருக்கு அது லேசில் தோன்றாது. தானே கண்டுபிடித்ததை உடம்பும் சுலபத்தில் மறக்காது.

இந்த நாடகமும் ஒடியல் கூழ் (பனங்கிழங்கு மாவில் காய்ச்சுவது) மாதிரித்தான்: நண்டு ஒருவர், மரவள்ளி ஒருவர் கொண்டுவரலாம், புளி பார்க்க ஒரு நாக்கு வேண்டும். வந்த காட்சிகளில் பாதியை வெட்டுவதும் (மனஸ்தாபம் நிச்சயம்!) மிச்சத்தைக் கோப்பதும் இயக்குநர் தலையில்தான்.

அதனால் இயக்குநர் சும்மா இருப்பார் என்று நினைக்காதீர்கள். பிரதி உள்ள நாடகத்தைவிட இதில் அவருக்கு வேலை கூட.