என் கஷ்டமே தீரவில்லை. இதில் ஆண்டவரை நம்பி அடுத்தவருக்கும் எப்படி இரங்குவது?

கேள்வியைச் சுருக்கினால் இப்படி வரும்: மூன்று வருஷமாக ஜெபிக்கிறேன், ஒன்றும் மாறவில்லை. சபையில் சொன்னால், "கர்த்தரை நம்பு, நாலு பேருக்கு உதவி செய், உன் கஷ்டம் மறந்துபோகும்" என்கிறார்கள். என் பாடே பெரும்பாடாக இருக்கும்போது இது நடக்கிற காரியமா?

நடக்கும் என்றுதான் நினைக்கிறேன், ஆனால் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்த வரிசையில் நடக்காது. முதலில் விசுவாசத்தில் உறுதிப்பட வேண்டும், மனசு நிறைய வேண்டும், அப்புறம் அந்த நிறைவிலிருந்து இரக்கம் பொங்கி வரும் என்று நானும் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். அப்படிக் காத்திருந்தால் காத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

கேள்வியில் கோபம் தெரிகிறது. அதற்காகக் குற்றவுணர்ச்சி வேண்டாம். 13ஆம் சங்கீதத்தைத் திறந்து பாருங்கள், முதல் இரண்டு வசனத்துக்குள் நாலு தரம் "எதுவரைக்கும்" என்று கேட்கிறான் தாவீது. அந்தச் சங்கீதமாவது கடைசியில் பாட்டாக மாறுகிறது. 88ஆம் சங்கீதம் ஆறுதலாக ஒரு வார்த்தையும் சொல்லாமலே முடிந்துபோகிறது. இரண்டுமே வேதத்தில்தான் இருக்கின்றன, யாரும் வெட்டி எடுத்துவிடவில்லை. நம்பாதவன் கோபித்துக்கொள்ள மாட்டான், விட்டுவிட்டுப் போய்விடுவான். நீங்கள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

என் கதையைச் சொல்லிவிடுகிறேன். சில வருஷங்களுக்கு முன்னால் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்திருந்தார்கள். வெளியே ஒரு கூடம். நோயாளிகளோடு வந்தவர்கள் இரவு முழுக்க அங்கேதான் கிடப்போம். பதினேழு இரவு அங்கே இருந்தேன். சபையிலிருந்து நிறையப் பேர் வந்தார்கள். அன்பானவர்கள்தான், குறை சொல்ல மனசு வரவில்லை. ஆனால் வந்தவர்களில் பாதிப் பேர் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு வசனம் சொன்னார்கள், கடிகாரத்தைப் பார்த்தார்கள், "கர்த்தர் பாத்துக்குவார் தம்பி" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள். அந்த வாக்கியத்தைக் கேட்டாலே பல்லைக் கடிக்கிற நிலைக்கு வந்துவிட்டேன்.

ஆறாம் நாளோ ஏழாம் நாளோ, சபையில் அதிகம் பேசாத ஒரு அக்கா வந்தார். எனக்கு அவரோடு பெரிய பழக்கம் கிடையாது. என்னைப் பார்த்தார், என் காலடியில் கிடந்த பையைப் பார்த்தார். "துவைக்க வேண்டியது இதுல இருக்கா?" என்றார். நான் வெட்கப்பட்டுக்கொண்டு, "அதெல்லாம் வேண்டாங்க்கா" என்றேன். அவர் பதில் சொல்லாமல் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மறுநாள் எல்லாம் துவைத்து, காய்ந்து, மடித்து வந்தது. என் வெள்ளைச் சட்டையில் மேலிருந்து மூன்றாவது பொத்தான் போய் மாதக் கணக்காகியிருந்தது. அதையும் தைத்திருந்தார். வெள்ளை நூல் கிடைக்கவில்லை போலிருக்கிறது, நீல நூல். அதைப் பார்த்ததும் கூடத்திலேயே உட்கார்ந்து அழுதேன். அதுவரை அழுகை வரவில்லை.

இதோடு நிறுத்திக்கொண்டால் என் சாட்சி அழகாக இருக்கும். மீதியையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

அதே கூடத்தில் ஒரு பெரியவர் இருந்தார். மனைவி உள்ளே. அவரோடு வேறு யாரும் இல்லை. மூக்குக்கண்ணாடியின் ஒரு கை உடைந்து, அந்தப் பக்கம் நூல் கட்டிக் காதில் மாட்டியிருப்பார். பொத்தான் வந்த அன்று இரவுதான் என்று நினைக்கிறேன், ஒரு சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "தம்பி, இதுல என்ன எழுதியிருக்குன்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க." எனக்கு உடம்பெல்லாம் அசதி. கண்ணைப் பாதி மூடியபடியே சொன்னேன்: "காலையில நர்ஸ்கிட்ட கேளுங்க ஐயா. ஆண்டவர் பாத்துக்குவார்."

ஆமாம், அதே வாக்கியம். என் வாயிலிருந்து.

அவர் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். சீட்டை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். அப்புறம் கூடத்தின் மறு மூலையில் படுத்திருந்த ஒரு பையனிடம் போனார். அந்தப் பையன் எழுந்து படித்துப் பார்த்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு அவரோடு கிளம்பினான். இரத்தம் ஏற்பாடு செய்யச் சொல்லி எழுதிய சீட்டு அது. காலைவரை தாங்காத விஷயம்.

நான் தூங்குவதுபோல் படுத்திருந்தேன். தூக்கம் எங்கே வரும்?

யாக்கோபு தன் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில், உடுத்த வஸ்திரமும் அன்றாட ஆகாரமும் இல்லாதவனைப் பார்த்து "சமாதானத்தோடே போங்கள், குளிர்காய்ந்து பசியாறுங்கள்" என்று வாயால் மட்டும் சொல்லி அனுப்பினால் பிரயோஜனம் என்ன என்று கேட்கிறார். நான் பல தடவை படித்த பகுதி. அது யாரோ கல்நெஞ்சக்காரனைப் பற்றியது என்று நினைத்திருந்தேன். களைத்துப்போன ஒரு சாதாரண விசுவாசியும் அதைச் செய்வான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இப்போது இதை இப்படி வைத்துக்கொண்டிருக்கிறேன்: "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்பது என் பாடு வரும்போது நான் எனக்குச் சொல்லிக்கொள்ள வேண்டிய வார்த்தை. அடுத்தவர் பாட்டுக்கு முன்னால் நிற்கும்போது அதை என் வாயால் சொல்லிவிட்டு நகர்ந்தால், என் வேலையைக் கடவுள் தலையில் கட்டுகிறேன் என்று அர்த்தம்.

அடுத்த நாளிலிருந்து அவர் பக்கத்தில் போய்ப் படுத்தேன். பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. சீட்டு வந்தால் படித்துச் சொல்வேன். அவருக்குக் காது மந்தம், உள்ளேயிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கேட்காது, நான் தட்டி எழுப்புவேன். இதனால் என் கஷ்டம் மறந்துபோனதா என்றால், இல்லை. அம்மாவைப் பற்றிய பயம் அப்படியே இருந்தது. ஆனால் ஜெபிக்க முடிந்தது. அதுவரை அம்மா பெயரைச் சொன்னதுமே தொண்டை அடைத்துக்கொள்ளும், அதற்குமேல் வார்த்தை வராது. அவர் மனைவிக்காக ஆரம்பித்தால் வந்தது. அங்கிருந்து அம்மாவுக்கு வந்துசேர்வேன்.

அந்த இரவுகளில் திரும்பத் திரும்ப மனசில் ஓடியது 1 இராஜாக்கள் 17ஆம் அதிகாரம். சாறிபாத் விதவையின் கதை. காணிக்கை கேட்கிறவர்கள் அதை ரொம்பவே தேய்த்துவிட்டார்கள், அதை ஒதுக்கிவிட்டு ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். தேசத்தில் மழை இல்லை. எலியா தீர்க்கதரிசி ஒளிந்திருந்த கேரீத் ஆறும் வற்றிவிட்டது. சீதோனுக்கடுத்த சாறிபாத்துக்குப் போ, உன்னைப் பராமரிக்க அங்கே ஒரு விதவைக்குக் கட்டளையிட்டிருக்கிறேன் என்கிறார் கர்த்தர். பின்னால் எலியாவைக் கொல்லத் தேடப்போகிற ராணி யேசபேலின் அப்பன்தான் சீதோனியரின் ராஜா. அந்த ஊர்ப்பக்கம்தான் அனுப்புகிறார்!

போய்ப் பார்த்தால் அந்த விதவைக்கு இப்படி ஒரு கட்டளை வந்த மாதிரியே தெரியவில்லை. அவள் விறகு பொறுக்கிக்கொண்டிருக்கிறாள். பானையில் ஒரு பிடி மாவு, கலயத்தில் கொஞ்சம் எண்ணெய். அதைச் சுட்டு மகனும் தானும் சாப்பிட்டுவிட்டுச் சாகப்போகிறோம் என்கிறாள். கர்த்தரைப் பற்றிப் பேசும்போது "உம்முடைய தேவனாகிய கர்த்தர்" என்கிறாள். தன்னுடைய தேவன் என்றுகூடச் சொல்லவில்லை. விசுவாச வீராங்கனை என்று மேடையில் அறிமுகப்படுத்தத் தக்கவள் இல்லை அவள். செத்துப்போகத் தயாராக இருந்த ஒரு ஏழை, கேட்டவனுக்குக் கொடுத்தாள். அவ்வளவுதான்.

அப்புறமும் பானை நிரம்பி வழிந்தது என்று எழுதவில்லை. மாவு செலவழிந்துபோகவில்லை, எண்ணெய் குறையவில்லை என்றுதான் இருக்கிறது. பஞ்சம் தீரவில்லை. நாளைக்குத் திறந்து பார்த்தால்தான் நாளைக்கு இருப்பது தெரியும். வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு அன்றாட ஆகாரமாகக் கிடைத்த மன்னாவும் இப்படித்தான்: விடியும்வரை எடுத்து வைத்ததில் பூச்சி பிடித்தது. ஆறு மாதத்துக்கான பலத்தைக் கொடுத்துவிடும், அப்புறம் நம்புகிறேன் என்று ஆண்டவரிடம் பேரம் பேசிப் பார்த்திருக்கிறேன். அவர் அப்படிக் கொடுக்கிறவராகத் தெரியவில்லை.

இன்னொன்று. அவள் காப்பாற்றிய எலியாவே இரண்டு அதிகாரம் தள்ளி, சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று கேட்கிறான். வானத்திலிருந்து அக்கினியை இறக்கிய ஆள்! தேவதூதன் வந்து பிரசங்கம் பண்ணவில்லை. தட்டி எழுப்பி, எழுந்து சாப்பிடு என்றான். தழலில் சுட்ட அடை, ஒரு பாத்திரம் தண்ணீர். சாப்பிட்டுவிட்டு மறுபடியும் தூங்கினான். மறுபடியும் தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். ஏன் இப்படிப் பேசுகிறாய் என்று ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. உங்களுக்கும் அந்த மாதிரி எண்ணம் எப்போதாவது வந்தால் தயவுசெய்து மறைக்காதீர்கள், நம்பகமான ஒருவரிடமும் மருத்துவரிடமும் உடனே சொல்லுங்கள். மருந்து சாப்பிடுவது அவிசுவாசம் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எசேக்கியா ராஜாவின் புண்ணுக்கு அத்திப்பழப் பற்றுப் போடச் சொன்னது ஏசாயா தீர்க்கதரிசி, அதை அவர்களுக்குக் காட்டுங்கள்.

சரி, உங்களிடம் இப்போது கொடுக்க என்ன இருக்கிறது? வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் கதையில் எல்லோரும் அவன் மனதுருகியதைப் பேசுவார்கள். எனக்கு அதன் கணக்கு பிடிக்கும். எண்ணெய், திராட்சரசம், தன் வாகனம். கையில் இருந்ததைத்தான் எடுத்தான். சத்திரத்தில் ஒரு ராத்திரி கூட இருந்தான். மறுநாள் இரண்டு பணம் கொடுத்தான். அந்தக் காலத்தில் ஒரு பணம் ஒரு கூலியாளின் ஒருநாள் சம்பளம், திராட்சத்தோட்ட உவமையில் அதே கணக்கு வருகிறது. அப்புறம் தன் வேலையைப் பார்க்கக் கிளம்பிவிட்டான். மீதியைச் சத்திரக்காரனிடம் ஒப்படைத்தான், திரும்பி வருவேன் என்றான். அடிபட்டவன் எழுந்து நடக்கும்வரை கட்டிலருகே உட்கார்ந்திருக்கவில்லை. தன்னை அழித்துக்கொள்வதுதான் இரக்கம் என்று நினைத்து மிரண்டுபோகிறவர்கள் அந்த மறுநாள் காலையைக் கவனிக்க வேண்டும். இயேசு அவனைத்தான் உதாரணமாகக் காட்டுகிறார்.

உங்களால் ஒரு பையைத் துவைக்க முடியலாம். ஒரு சீட்டைப் படித்துச் சொல்ல முடியலாம். ஒருவேளை இப்போது ஒன்றுமே முடியாமல், வாங்கிக்கொள்கிற இடத்தில் இருக்கலாம். அதுவும் சரிதான். நடக்க முடியாத திமிர்வாதக்காரனை நாலு பேர் இயேசுவிடம் சுமந்துவந்து கூரையைப் பிரித்து இறக்கினார்கள். மாற்கு எழுதும்போது, இயேசு "அவர்கள் விசுவாசத்தை" கண்டார் என்றுதான் எழுதுகிறார். படுத்திருந்தவன் என்ன நினைத்தான் என்று நமக்குச் சொல்லப்படவே இல்லை. உங்களால் நம்ப முடியாத நாட்களில் உங்களுக்காக நம்ப நாலு பேர் வேண்டும். வசனத்தை வாட்ஸாப்பில் தட்டிவிட்டுப் போகிறவர்களைவிட, உங்கள் வீட்டுக் கூரைமேல் ஏறக்கூடியவர்களாகப் பார்த்துச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வாட்ஸாப் என்றதும் ஞாபகம் வருகிறது. எரேமியா 29:11 உங்களுக்கும் பத்துத் தடவையாவது வந்திருக்கும், நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவைக் கொடுப்பேன் என்கிற வசனம். எனக்கும் பிடித்த வசனம்தான். ஆனால் அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதம், அதற்கு முந்தின வசனத்திலேயே 70 வருஷம் ஆகும் என்று இருக்கிறது. இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகும் என்று சொன்ன அனனியா கள்ளத் தீர்க்கதரிசி. கடிதத்தை வாசிக்கக் கேட்ட பெரியவர்கள் பலர் அந்த முடிவைக் கண்ணால் பார்த்திருக்க முடியாது. அவர்களிடம் கர்த்தர் சொன்னது: வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், உங்களைச் சிறைபிடித்த அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி, அதற்காக ஜெபியுங்கள். விடுதலை வரும்முன்னே, காத்திருக்கிற காலத்திலேயே, பக்கத்தில் இருப்பவனுக்காக. நீங்கள் கேட்ட இரண்டு கேள்வியும் அந்த ஒரு கடிதத்துக்குள் ஒன்றாக இருப்பதாகத்தான் எனக்குப் படுகிறது.

என் ஜெபம் எப்படி முடிந்தது என்று கேட்பீர்கள். அம்மா வீட்டுக்கு வந்தார். வலது கை சரியாக வரவில்லை. பேச்சு குழறும். என் பெயரின் நடு எழுத்து அவருக்கு இன்னும் வாயில் நிற்காது. நான் கேட்டது இது இல்லை, முழு சுகம் கேட்டேன். ஏன் கிடைக்கவில்லை என்று இப்போதும் கேட்கிறேன். பெரியவரின் மனைவி பதினைந்தாம் நாள் இறந்துபோனார். அன்று காலை கையெழுத்துப் போட வேண்டிய காகிதத்தை நான்தான் அவருக்குப் படித்துச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "சரி தம்பி" என்றார். ஆறுதல் சொல்ல எனக்கு வசனம் எதுவும் வரவில்லை. வண்டி வரும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

அவர் பெயரை நான் கேட்டுக்கொள்ளவே இல்லை. அம்மாவிடம் இந்தக் கதையை ஒருநாள் சொன்னேன். அன்றிலிருந்து ராத்திரி ஜெபத்தில், குடும்பத்தில் எல்லோர் பெயரையும் குழறிக் குழறிச் சொல்லி முடித்தபிறகு, "கண்ணாடி ஐயா" என்று ஒன்று சொல்கிறார்.