கோடு போட்ட துணியும் கடைப் பலகையும்

கேள்வி: நான் கோண்டாவிலில் வசிக்கிறேன். வயது 24. வரைகலை படித்துவிட்டு, வீட்டிலிருந்தபடியே சுவரொட்டி, அழைப்பிதழ், ரீசேர்ட் அச்சு முதலியவற்றை வடிவமைத்துக் கொடுக்கிறேன். அப்பா யாழ்ப்பாண நகரில் 30 வருடங்களாகத் தையற்கடை நடத்துகிறார். நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முன்னர் கடைக்குப் புதிய பெயர்ப்பலகையும் துணிப்பையும் வேண்டும் என்றார். நான் வரைந்து காட்டியதைப் பார்த்துவிட்டு, "பிள்ளை, இது கடைப் பலகையா, கார்னிவல் பந்தலா?" என்று கேட்டு மூடி வைத்துவிட்டார். எனக்கு அடர்ந்த நிறமும் பெரிய எழுத்தும்தான் பிடிக்கும். ஆனால் நான் உடுப்பதோ வெள்ளைப் பருத்திச் சேர்ட், ஒற்றை நிறச் சேலை, அம்மம்மா காலத்து வெட்டில் தைத்த சட்டை. உடுப்பில் ஒருத்தி, வரைவில் வேறொருத்தி என்று சிநேகிதிகள் சொல்கிறார்கள். எனக்கென்று ஒரு பாணி இல்லையா? அப்பாவை எப்படிச் சம்மதிக்க வைப்பது?

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய பலகை வரைவையும் பார்த்தேன். அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். முதலில் பாணி இல்லையோ என்ற உங்கள் கவலைக்கு வருகிறேன். அந்தக் கவலையை நான் நன்கு அறிவேன். அச்சகத்தில் 20 வருடங்களுக்கு மேலாகச் சுவரொட்டிகளும் நூல் அட்டைகளும் வடிவமைத்தவள் நான். பகலெல்லாம் சிவப்பும் மஞ்சளுமாக வேலை செய்துவிட்டு வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்தால், அங்கே இருப்பவை வெள்ளையும் சாம்பலும் கருநீலமுமான கைத்தறிச் சேலைகள் மட்டுமே. இது முரண் என்று என்னிடமும் பலர் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றியதே இல்லை. உடுப்பைக் காலையில் உடுத்தி இரவில்தான் களைகிறோம். அதைப் பார்ப்பவர்கள் நம் எதிரே இருந்து தேநீர் குடித்து, மணிக்கணக்காக நம்மோடு பேசுகிறவர்கள். பலகையைப் பார்ப்பவரோ கஸ்தூரியார் வீதியில் மோட்டார் சைக்கிளில் போகிறவர். மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் போனால் அவர் ஒரு விநாடியில் ஏறத்தாழ 27 அடி கடந்துவிடுவார். 100 அடிக்கு முன்னரே பலகை கண்ணில் பட்டாலும், அதை வாசித்து மனதில் வாங்க அவருக்கு நான்கு விநாடிகூட இல்லை. நாள் முழுவதும் அருகிலிருக்கும் பொருளை அமைதியாகவும், நான்கு விநாடியில் தாண்டிப் போகப்படும் பொருளை உரத்த குரலிலும் அமைக்க உங்களுக்குத் தெரிகிறது. இரண்டையும் செய்பவர் ஒருவரே என்பதில் சந்தேகம் வேண்டாம்.

ஆயினும் நல்ல உடுப்புக்கும் நல்ல வரைகலைக்கும் பொதுவான ஒன்று உண்டு. கண்ணைப் பிடிக்கிற கோடு அந்தப் பொருளைச் சேர்த்துப் பிடிக்கிற கோடாகவும் இருந்தால், அது எத்தனை வருடம் போனாலும் அலுப்பதில்லை. மேலே ஒட்டி வைத்த கோடு அடுத்த திருவிழாவுக்குள் பழசாகிவிடுகிறது.

இதற்கு நான் எப்போதும் எடுத்துக்காட்டுவது, 1965-இல் பரிஸ் நகரத்து ஆடை வடிவமைப்பாளர் இவ் சான் லோரன் உருவாக்கிய சட்டையை. பீற் மொண்ட்ரியான் என்ற ஒல்லாந்து ஓவியர், வெள்ளைப் பரப்பில் கறுப்புக் கோடுகளும் அவற்றின் இடையே சிவப்பு, நீலம், மஞ்சள் கட்டங்களுமாக வரைந்த படங்களை, தோளிலிருந்து நேராக விழும் சட்டையாக அவர் மாற்றினார். ஒளிப்படத்தில் பார்க்கும்போது, துணியின்மேல் படத்தை அச்சிட்டிருக்கிறார்கள் என்றே நாம் நினைப்போம். உண்மையில் கம்பளிப் பின்னல் துணியில் ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனித் துண்டாக வெட்டி, துண்டோடு துண்டு பொருத்தித் தைத்திருக்கிறார்கள். உடலின் வளைவுக்கு இடம் கொடுக்க மார்பருகிலும் இடுப்பிலும் பிடித்துத் தைக்க வேண்டியிருக்குமல்லவா, அந்தப் பிடிப்பெல்லாம் நிறங்கள் சந்திக்கும் கோடுகளுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. எதிரே நிற்பவருக்கு அது தட்டையான ஓவியமாகவும், உடுத்தியவருக்கு உடலோடு பொருந்திய உடுப்பாகவும் இருக்கிறது. அந்த ஆடை நிறுவனத்தின் மூன்று எழுத்து இலச்சினையை, எழுத்துகளை ஒன்றோடொன்று பின்னி 1961-இல் வரைந்தவர் கசாண்ட்ர் என்ற பெரும் சுவரொட்டிக் கலைஞர். நோர்மண்டி என்ற பயணக் கப்பலை நீர்மட்டத்திலிருந்து அண்ணாந்து பார்ப்பதுபோல 1935-இல் அவர் வரைந்த சுவரொட்டியை நீங்கள் படிக்கும்போது பார்த்திருப்பீர்கள். உடுப்பும் சுவரொட்டியும் வேறு வேறு உலகங்கள் என்று அந்த நிறுவனத்தில் ஒருவரும் நினைக்கவில்லை.

அவ்வளவு தூரம் போகாமல் அம்மாவின் கூறைச்சேலையையும் விரித்துப் பார்க்கலாம். அது காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலையாக இருந்தால், உடலும் கரையும் சேரும் இடத்தைப் புரட்டிப் பாருங்கள். ஊடை என்ற குறுக்கு நூலைத் தறியில் கொண்டு ஓடும் கருவிதான் நாடா. உடல் நிறத்துக்கு ஒரு நாடா, இரு பக்கக் கரைகளுக்கு இரண்டு நாடாக்கள் என்று மூன்று நாடாக்களைக் கொண்டு நெய்து, இரு நிற ஊடைகளையும் ஒவ்வொரு வரியிலும் ஒன்றுக்குள் ஒன்று கொளுவி இழுத்துத்தான் அந்தக் கரை வருகிறது. அரக்குச் சிவப்பும் பச்சையும் அவ்வளவு துணிவாக அடுத்தடுத்து நிற்பதற்கும், அந்த எல்லையில் கோபுரம் கோபுரமாகக் கூர் ஏறி இறங்குவதற்கும் அடியில் இருப்பது அந்தப் பிணைப்பு. சரிகையின் பாரம் கொசுவத்தைக் கீழே இழுத்து நேராக விழச் செய்கிறது. உரத்த நிறமும் பழைய மரபும் ஒரே துணியில் இப்படிக் கூடியிருக்கும்போது, இரண்டில் ஒன்றைத்தான் நீங்கள் தெரிந்தெடுக்க வேண்டும் என்று யார் சொல்ல முடியும்?

இனி அப்பாவிடம் வருகிறேன். அவர் கோடு போட்ட துணியில் சேர்ட் தைக்கும்போது அருகில் இருந்து பார்த்திருக்கிறீர்களா? என் மாமா ஒருவரும் தையற்காரர்தான். சின்ன வயதில் அவருடைய மேசைக்கு அருகில் நின்று நான் கற்றதை இன்றுவரை எந்த வகுப்பிலும் கற்கவில்லை. முன்பக்கத்தை வெட்டி மேசையில் விரித்து, பொக்கற் வரவேண்டிய இடத்தைச் சோக்கால் குறித்துக்கொள்வார். பிறகு பொக்கற்றுக்கான துண்டை அந்தக் குறியின் மேல் வைத்து, நீலக் கோடு நீலக் கோட்டின் மீதும், வெள்ளை வெள்ளையின் மீதும் விழும்வரை ஒரு நூல் அளவு இப்படியும் ஒரு நூல் அளவு அப்படியும் நகர்த்துவார். ஊசி குத்தி இருத்தி, ஓரத்தை மடித்துத் தைத்து முடித்ததும் பொக்கற் காணாமற் போய்விடும். கிட்டப் போய்ப் பார்ப்பவருக்கு மட்டும் சுற்றிவரத் தையல் வரி தெரியும். அதற்காகக் கொஞ்சம் துணி வீணாகும். அதை அவர் ஒருநாளும் பொருட்படுத்தியதில்லை. உங்கள் அப்பாவும் 30 வருடங்களாக இதையே செய்துவருகிறார் என்றால், அவர் வரைகலைக்கு எதிரானவர் அல்லர். கோட்டோடு கோடு சேராத எதையும் அவர் கண் ஏற்காது, அவ்வளவுதான்.

அந்தக் கண்ணோடு உங்கள் வரைவைப் பாருங்கள். ஆறு நிறங்கள், மூன்று வகை எழுத்துகள், எழுத்துக்கு நிழல், நிழலுக்கு வெள்ளை விளிம்பு, ஒரு கத்தரிக்கோல், ஒரு தையல் மெஷின், மூலையில் ஒரு மயில். ஒவ்வொன்றையும் தனியே எடுத்தால் அழகாகவே வரைந்திருக்கிறீர்கள். மயிலின் கழுத்தை நான் மிகவும் இரசித்தேன். ஆனால் எதை எடுத்துவிட்டாலும் பலகை அப்படியே நிற்கும், அதனால் எதுவும் எதையும் தாங்கவில்லை.

அச்சகத்தில் சேர்ந்த புதிதில் நானும் இந்தத் தவறைச் செய்தேன். ஒரு நாடகத்துக்கான சுவரொட்டியில், செம்மஞ்சளிலிருந்து சிவப்புக்கு மெல்ல மாறும் பின்னணியில் பச்சை எழுத்தில் இடத்தையும் நேரத்தையும் போட்டேன். கணினித் திரையில் அது சுடர்விட்டது. சுவரில் ஒட்டிய பிறகு ஒருவராலும் நேரத்தை வாசிக்க முடியவில்லை, பலர் பிந்தி வந்தார்கள். அச்சுக்கோத்த காலத்திலிருந்தே அங்கிருந்த பெரியவர் ஒருவர் என்னைக் கடிந்துகொள்ளாமல், சுவரொட்டியை எதிர்ச் சுவரில் ஒட்டி, வீதிக்கு இந்தப் பக்கம் நிறுத்தி, வாசி பிள்ளை என்றார். சிவப்பும் பச்சையும் பெயரில்தான் எதிரெதிர். வெளிச்சத்தின் அளவில் அவை இரண்டும் ஒன்றாக இருந்துவிட்டால் எழுத்து பின்னணிக்குள் கரைந்துவிடும். இன்று இதைச் சோதிப்பது எளிது. கைபேசியில் உங்கள் வரைவைக் கறுப்பு வெள்ளைப் படமாக மாற்றிப் பாருங்கள். அப்போதும் எழுத்து தெளிவாக நின்றால் எந்த நிறத்தையும் துணிந்து பூசலாம்.

நிறத்தின் எண்ணிக்கையைப் பற்றியும் அந்தப் பெரியவரிடமே கற்றேன். துலூஸ் லோத்ரெக் என்ற பிரெஞ்சு ஓவியர் 1891-இல் பரிஸ் நகரின் மூலான் ரூஜ் அரங்குக்கு வரைந்த சுவரொட்டி கல்லச்சில் அடித்தது. அந்த முறையில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக் கல் வேண்டும் என்பதால், ஒவ்வொரு நிறமும் அங்கே இடம்பிடிக்கத் தகுதி காட்ட வேண்டியிருந்தது. பின்னால் நிற்கும் கூட்டம் முழுவதும் கறுப்பு நிழலாகவே இருக்கிறது. நம் ஊரில் துணிப்பைக்குத் திரை அச்சு அடிக்கும்போதும் கணக்கு அதுவே, நிறத்துக்கு ஒரு திரை. போரின்போது பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் இங்கு நாளிதழ்கள் கோடு போட்ட கொப்பித் தாளில்கூட அச்சாகின. அந்தத் தாளில் ஒரே மையில் வந்த தலைப்புகளை நாங்கள் தூரத்திலிருந்தே வாசித்தோம். பற்றாக்குறையைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. ஒரு மையால் எவ்வளவு செய்யலாம் என்பதைக் கண்ணால் கண்டவள் என்பதால் சொல்கிறேன்.

எழுத்தில் நீங்கள் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும். பலகை எழுதுவோரிடம் 10 அடித் தூரத்துக்கு 1 அங்குல உயரம் என்றொரு பழைய கணக்கு உண்டு. 100 அடியிலிருந்து வாசிக்க 10 அங்குல எழுத்து. அந்தக் கணக்கு ஆங்கிலப் பெரிய எழுத்தை வைத்துச் சொல்லப்படுவது. தமிழில் 'கீ' மேலே ஏறும், 'கு' கீழே இறங்கும், 'ணை' சுழிகளால் நிறையும். ஆகவே அதைவிடச் சற்றுப் பெரிதாகவே வையுங்கள். தடித்த எழுத்து வேண்டும் என்று கோட்டை மட்டும் தடிப்பாக்கினால் சுழிகளின் உள்வெளி அடைபட்டு, 'ண' ஒரு கறுப்புக் கட்டியாகிவிடும். சுழியின் உள்ளே போதிய வெளி இருக்கிறதா என்று ஒவ்வொரு எழுத்தாகப் பாருங்கள். புள்ளியையும் மறக்க வேண்டாம். ஓலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்பதால் பழைய ஏடுகளில் அதைத் தவிர்த்தார்கள். நமக்கு அந்தத் தடை இல்லை. உங்கள் வரைவில் 'தையலகம்' என்பதன் கடைசிப் புள்ளி நிழலுக்குள் மறைந்தே போயிருக்கிறது.

உங்கள் உடுப்பைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. 1926-இல் வோக் என்ற ஆடை அலங்கார இதழ், பரிஸ் ஆடை வடிவமைப்பாளர் சனேல் அம்மையாரின் எளிய கறுப்புச் சட்டையின் வரைபடத்தை வெளியிட்டு, அதை ஃபோர்ட் காருக்கு ஒப்பிட்டது. எல்லோருக்கும் பொருந்தும் என்ற அதன் கணிப்பு இன்றுவரை பொய்க்கவில்லை. தோளும் கைவெட்டும் சரியாக அமைந்த வெள்ளைச் சேர்ட்டும் அதே இனம். உங்களுக்கு அதைத் தைத்துத் தந்தவர் அப்பா என்றே நினைக்கிறேன். ரீசேர்ட் அச்சில் மட்டும் ஒரு வேண்டுகோள்: நெஞ்சு முழுவதையும் மையால் நிரப்ப வேண்டாம், நம் ஊர் வெயிலில் அந்த இடத்தில் காற்றுப் புகாமல் வேர்த்துக் கொட்டும்.

பலகைக்கு என் யோசனையைச் சொல்கிறேன், பிடித்தால் எடுத்துக்கொள்ளுங்கள். முழுப் பலகையையும் அப்பா தைக்கும் கோட்டுத் துணியாகவே வரையுங்கள், வெள்ளையில் கருநீல நெடுங்கோடுகள். மேலே கருநீலப் பட்டி, அதில் வெள்ளை எழுத்தில் கடையின் பெயர், நிழலும் விளிம்பும் இல்லாமல். கீழே வலப்பக்கத்தில் பெரிய பொக்கற் ஒன்று. அதன் கோடுகள் பின்னணிக் கோடுகளோடு இம்மியும் பிசகாமல் சேர்ந்திருக்க, அதைச் சுற்றி ஓடும் மஞ்சள் தையல் வரி மட்டும் பொக்கற்றைக் காட்ட வேண்டும். அந்த மஞ்சளை எவ்வளவு அடர்த்தியாக வேண்டுமானாலும் போடுங்கள். வரைந்ததும் அப்பாவிடம் சம்மதம் கேட்பதற்கு முன், கோடுகள் சரியாகச் சேர்ந்திருக்கின்றனவா என்று பார்த்துத் தரச் சொல்லுங்கள். அவர் பென்சிலை எடுத்துத் திருத்தத் தொடங்கினால், திருத்த விடுங்கள்.

துணிப்பைக்கு ஒரு நிறமே போதும். பையில் பொக்கற்றை அச்சிட வேண்டாம். கடையில் மிஞ்சும் கோட்டுத் துண்டுகளில் உண்மையான பொக்கற்றையே அப்பா வெட்டிப் பொருத்தித் தரட்டும். உடுப்பை வாங்க வருகிறவருக்கு, மிச்சத் துணியையும் இரண்டு உபரிப் பொத்தான்களையும் அதற்குள் வைத்துக் கொடுக்கலாம்.