கேஸ் மின்நிலையத்தில் தண்ணீர் கொதிக்குமா?

பகாவ் பக்கம் ஒரு செம்பனை ஆலையில் பாய்லர் பார்க்கும் அண்ணன் கேட்டிருக்கிறார்: "நாங்கள் நாரையும் கொட்டை ஓடுகளையும் எரித்து, நீராவி எடுத்து, டர்பைனைச் சுற்ற விடுகிறோம். மகனுக்குப் போர்ட்டிக்சனில் கேஸ் மின்நிலையத்தில் டெக்னீஷியன் இன்டர்வியூ வந்திருக்கிறது. அங்கேயும் கேஸை எரித்துத் தண்ணீரைத்தானே கொதிக்க வைப்பார்கள்? அவன் எதைப் படித்துக்கொண்டு போகட்டும்?"

அண்ணே, அங்கே வேலை இரண்டு பாதி, முதல் பாதியில் தண்ணீருக்கு வேலையே இல்லை. கேஸ் டர்பைனைத் தள்ளுவது எரிந்த சூடான காற்றுதான். முன்னால் இருக்கும் கம்ப்ரஸர் வெளிக்காற்றை இழுத்து, பதினைந்து இருபது மடங்கு அழுத்தி எரியறைக்குள் அனுப்பும். அங்கே கேஸ் எரிந்து 1,300 டிகிரியைத் தாண்டிய காற்று, விரிவதற்கு வேறு வழியில்லாமல் டர்பைன் இறக்கைகளைத் தள்ளிக்கொண்டு வெளியேறும். இறக்கை நிக்கல் கலப்பு உலோகம், ஆனாலும் அந்தச் சூட்டுக்குத் தாங்காது, அதனால் அதற்குள்ளேயே சின்னச் சின்னத் துளை போட்டுக் காற்றை ஓடவிட்டுக் குளிர வைக்கிறார்கள்.

மகன் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. கம்ப்ரஸர், டர்பைன், ஜெனரேட்டர் மூன்றும் ஒரே தண்டில் சுற்றுகின்றன, பெரிய எந்திரம் என்றால் நிமிடத்துக்கு 3,000 சுற்று, அதாவது நொடிக்கு 50, அதிலிருந்துதான் நமக்கு 50 ஹெர்ட்ஸ் கரண்ட். ஆனால் டர்பைன் சம்பாதிப்பதில் பாதிக்கு மேல் கம்ப்ரஸரே தின்றுவிடும், வாங்குகிற சம்பளத்தில் பாதி வீட்டு வாடகைக்குப் போகிற மாதிரி! அதனால்தான் இந்த எந்திரம் தானாகக் கிளம்பாது. பெரும்பாலும் ஜெனரேட்டரையே மோட்டாராக்கிச் சுற்றிவிட்டு, வேகம் பிடித்த பிறகுதான் கேஸைப் பற்ற வைப்பார்கள். மத்தியான வெயிலில் காற்று லேசாகிவிடுவதால் உற்பத்தி இறங்கும். புகைமூட்டக் காலத்தில் காற்று வடிகட்டிகள் அடைத்துக்கொண்டாலும் இதே கதைதான். இதைக் கேள்வியாகக் கேட்டால் ஆச்சரியப்பட வேண்டாம்.

சரி, உங்கள் பாய்லர் எங்கே வருகிறது? டர்பைனை விட்டு வெளியேறும் புகை இன்னும் ஏறக்குறைய 600 டிகிரி சூட்டில் இருக்கும். அதை அப்படியே வானத்துக்கு விடுவது வீண். ஒரு பாய்லருக்குள் செலுத்தி நீராவி எடுத்து இன்னொரு டர்பைனைச் சுற்றுகிறார்கள். நீங்களும் டர்பைனை விட்டு வரும் நீராவியை வீணாக்காமல் குலை அவிக்க அனுப்புகிறீர்கள் இல்லையா, புத்தி ஒன்றுதான். கேஸ் டர்பைன் தனியாக ஓடினால் எரிபொருளில் ஏறக்குறைய 40 சதவீதம்தான் கரண்டாகும், இரண்டையும் சேர்த்தால் புதிய நிலையங்களில் 60-ஐயும் தாண்டும்.

முதல் பாதியை அவன் படித்துக்கொள்ளட்டும். இரண்டாம் பாதியை நீங்களே சொல்லிக் கொடுக்கலாம். பாய்லர் டிரம்மில் நீர்மட்டம் திடீரென்று இறங்கினால் என்ன செய்வாய் என்று கேட்டால், புத்தகம் பார்த்தவன் திணறுவான். மேலாளரிடம் அனுமதி வாங்கி, ஒரு நாள் ஷிஃப்டில், நீர்மட்டம் காட்டும் கேஜ் கண்ணாடி முன்னால் அவனை நிற்க வைத்துக் காட்டுங்கள், அண்ணே.